டாலர் கொடுத்தால் ஜனநாயகம் வருமா? இலங்கை சொல்லும் கணக்கு

2025 பிப்ரவரியில் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் அது சுற்றியிருக்கும். இந்தியாவில் ஓட்டுப்பதிவை அதிகரிக்க அமெரிக்கா 2.1 கோடி டாலர் கொடுத்ததாம், நம்ம காசுக்கு சுமார் 182 கோடி ரூபாயாம், அதை வாங்கினது யாருன்னு கேளுங்க! எலான் மஸ்க் முன்னின்று நடத்திய அமெரிக்க அரசின் சிக்கன அமைப்பு, பிப்ரவரி 16 அன்று ரத்து செய்த உதவிகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் இருந்த ஒரே ஒரு வரிதான் இத்தனைக்கும் காரணம். அதே பட்டியலில் வங்கதேச அரசியலை வலுப்படுத்த 2.9 கோடி டாலர் என்றும் ஒரு வரி இருந்தது. அதிபர் ட்ரம்ப் இந்தியக் கணக்கை மேடைக்கு மேடை சொன்னார். இங்கே கட்சிகள் ஒன்றை ஒன்று கை காட்டின.

ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சகம் ஒரு பதில் கொடுத்தது. அமெரிக்கத் தூதரகம் தந்த விவரப்படி அப்படி ஒரு தொகை இந்தியாவுக்கு வரவே இல்லை என்பது அந்தப் பதிலின் சாரம். முதல் செய்தியை ஃபார்வர்டு செய்தவர்களில் எத்தனை பேர் இதையும் ஃபார்வர்டு செய்தார்கள் என்று கேட்டால் சங்கடம்தான்.

இந்தக் கூச்சலில் உருப்படியான ஒரு கேள்வி அடிபட்டுப் போனது. வெளிநாட்டுப் பணத்தால் ஒரு நாட்டில் ஜனநாயகத்தை வளர்க்க முடியுமா? அமெரிக்காவின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ஜூலை 1 முதல் அந்த நிறுவனமே தனியாக இயங்குவதை நிறுத்திவிட்டது. தேர்தலுக்கும் நீதிமன்றத்துக்கும் ஊடகத்துக்கும் போன பணமும் அதோடு போனது. 'ஒழிஞ்சது நல்லது' என்கிறது ஒரு கூட்டம். 'ஜனநாயகமே செத்துடும்' என்கிறது இன்னொன்று. இரண்டு பேருமே இலங்கையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

முதலில், எதைச் சொல்கிறோம்?

ஜனநாயக உதவி என்றால் கட்சிக்கு சூட்கேஸில் பணம் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வாக்காளர் பட்டியல் தயாரிப்பு, தேர்தல் ஊழியர் பயிற்சி, பார்வையாளர்கள், உள்ளூர்க் கண்காணிப்பு அமைப்புகள், சட்ட உதவி மையங்கள், செய்தியாளர் பயிற்சி என்று போகும். இது ஒரு ரகம். இன்னொரு ரகம் கடனோ சலுகையோ கொடுத்து, 'மனித உரிமையைக் காப்பாற்று, தேர்தலை ஒழுங்காக நடத்து, அப்போதான் அடுத்த தவணை' என்று நிபந்தனை போடுவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் விவாதம் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. என் வாதம் இதுதான்: நிபந்தனையோடு வரும் பெரும்பணம் பெரும்பாலும் தோற்கிறது, உள்ளூர் ஆட்களின் கையில் வருஷக்கணக்காக விடாமல் போய்ச் சேரும் சின்னப் பணம் ஏதோ கொஞ்சம் வேலை செய்கிறது. இப்போது வெட்டப்பட்டிருப்பதில் அந்தச் சின்னப் பணமும் அடக்கம்.

ஆராய்ச்சியாளர்களும் இதற்குப் பக்கத்தில் நிற்கும் முடிவைச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டீவன் ஃபிங்கல் குழு, 1990 முதல் 2003 வரை அமெரிக்கா கொடுத்த உதவிகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஜனநாயகத்துக்கென்றே ஒதுக்கிய பணத்துக்குச் சிறிய அளவில் நல்ல விளைவு இருந்தது என்று அது கண்டது. சிறிய அளவில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பணம் தோற்றதற்கு ஆப்கானிஸ்தானை விட வெளிச்சமான உதாரணம் கிடையாது. காபூலில் புது நாடாளுமன்றக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்ததே இந்தியாதான். 2015 டிசம்பர் 25 அன்று பிரதமர் மோடி அதைத் திறந்து வைத்தார். 2019 அதிபர் தேர்தலில் பதிவு செய்திருந்த சுமார் 97 லட்சம் வாக்காளர்களில் செல்லத்தக்க ஓட்டு போட்டவர்கள் 18 லட்சம் சொச்சம். முடிவை அறிவிக்கவே ஐந்து மாதம் ஆனது. 2021 ஆகஸ்ட் 15-ல் தாலிபான்கள் காபூலுக்குள் வந்தபோது அந்த நாடாளுமன்றத்தைக் காக்க வீதிக்கு யாரும் வரவில்லை. கட்டடம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஆப்கானிஸ்தானைக் காட்டி 'எல்லாமே வீண்' என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். நமக்குப் பக்கத்திலேயே, நம் மொழி பேசும் மக்களின் நடுவிலேயே, இருபது வருஷக் கதை ஒன்று இருக்கிறது.

டோக்கியோவில் கொட்டிய 450 கோடி டாலர்

2002 பிப்ரவரி 22. நார்வேயின் முயற்சியில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம். அடுத்த ஆண்டு ஜூன் 9, 10 தேதிகளில் டோக்கியோவில் ஒரு மாநாடு. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளும் இருபதுக்கும் மேற்பட்ட சர்வதேச அமைப்புகளும் கூடி, நான்கு ஆண்டுகளுக்கு 450 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள். ஒரு நிபந்தனை: சமாதானப் பேச்சு முன்னேறினால்தான் பணமும் முன்னேறும். பேச்சும் உரிமைகளும் அதிகாரப் பகிர்வும் ஒரு பக்கம், டாலர் இன்னொரு பக்கம். காகிதத்தில் பார்க்க அருமையான திட்டம்.

மாநாட்டுக்குப் புலிகளே வரவில்லை. ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த முன்னோட்டக் கூட்டத்துக்கு அவர்களை அழைக்கவில்லை. அமெரிக்காவில் அந்த இயக்கம் தடை செய்யப்பட்டிருந்தது. அந்த மாதமே அவர்கள் பேச்சிலிருந்து விலகி நின்றார்கள். ஆக, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரண்டு தரப்பில் ஒன்று இல்லாமலேயே பணப்பந்தல் போடப்பட்டது.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2004 டிசம்பரில் சுனாமி. நிவாரணப் பணத்தை வடகிழக்கில் அரசும் புலிகளும் சேர்ந்து பங்கிடுவதற்கு 2005 ஜூனில் ஓர் உடன்பாடு. அதை எதிர்த்து ஜேவிபி அரசிலிருந்து வெளியேறியது. உச்ச நீதிமன்றம் ஜூலையில் முக்கியப் பகுதிகளுக்குத் தடை போட்டது. கொடுக்கும் நாடுகள் அத்தனையும் ஆதரித்த ஓர் ஏற்பாடு, உள்ளூரில் அரசியல் ஆதரவு இல்லாததால் ஒரே மாதத்தில் படுத்துவிட்டது.

அந்த நவம்பரில் அதிபர் தேர்தல். புலிகள் புறக்கணிக்கச் சொன்னார்கள். யாழ்ப்பாணம் மாவட்டத்தில் விழுந்த ஓட்டு ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை. மஹிந்த ராஜபக்‌ஷ நாடு முழுவதும் சுமார் 1.8 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பார்வையாளர்கள், பெட்டிகள், மை எல்லாம் இருந்தன. தேர்தலைத்தான் துப்பாக்கி தீர்மானித்தது.

2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்தத்திலிருந்து அதிகாரபூர்வமாக விலகியது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நிபந்தனை போட்ட நாடுகள் என்ன செய்தன? ஓரிரு நாடுகள் கொஞ்சம் பணத்தை நிறுத்தின. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி நிற்கவில்லை. நிபந்தனை இல்லாத கடன் கொடுக்கச் சீனா தயாராக இருந்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகக் கடன் 2007-ல் வந்தது. ஒரு கடைக்காரர் கடன் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம் என்ற நிலையில், மறுப்புக்கு மதிப்பு ஏது? நார்வேயே இந்த முயற்சியை ஒரு வெளிக்குழுவைக் கொண்டு மதிப்பீடு செய்யவைத்து, 2011-ல் அறிக்கையை வெளியிட்டது. அதற்கு வைத்த தலைப்பு 'சமாதானத்தின் பகடைக்காய்கள்' என்ற பொருள் தருவது. தன் தோல்வியைத் தானே அச்சிட்டு ஊருக்குக் காட்டிய அந்த நேர்மைக்கு மட்டும் ஒரு சபாஷ்.

அடி யார் மேல் விழுகிறது?

போருக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் வேறு கயிற்றை இழுத்தது. ஜிஎஸ்பி பிளஸ் என்ற வரிச்சலுகை. இலங்கை தைக்கும் சட்டையும் உள்ளாடையும் ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் போகலாம். பதிலுக்கு மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல் தொடர்பான 27 சர்வதேச உடன்படிக்கைகளை இலங்கை மதிக்க வேண்டும். மதிக்கவில்லை என்று 2010 ஆகஸ்டில் சலுகையை எடுத்தார்கள்.

திருப்பூரில் ஆர்டர் குறைந்தால் முதலில் யாருக்கு வேலை போகும் என்பது கொங்குப் பகுதியில் பிறந்த யாருக்கும் தெரியும். இலங்கை ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். போரை நடத்தியது அவர்கள் இல்லை. அதை நடத்திய அரசு 2015 வரை அசையாமல் இருந்தது. ஆட்சி மாறிய பிறகு, 2017 மே மாதம் சலுகை திரும்பியது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குகிறோம் என்பது அப்போது கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று. 2022-ல் சில திருத்தங்கள் வந்தன. சட்டம் அப்படியே இருக்கிறது.

இது எங்கேயோ நடக்கும் கதை இல்லைங்க. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் இருக்கிற கொண்டப்பநாயக்கன்பட்டியும் இதே மாதிரி நிபந்தனைக்குள் மாட்டிய ஊர்தான். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், பழங்குடியினர் இட ஒதுக்கீட்டுப் பிரச்சினையில் உயர் நீதிமன்றத்தால் ரத்தானது. ஊரகப் பகுதியில் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். இடையில் மூன்று வருஷத்துக்கு மேல் ஊராட்சித் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. தனி அலுவலர் ஆட்சி.

14-வது நிதி ஆணையத்தின் மானியம் முறைப்படி அமைந்த ஊராட்சிகளுக்குத்தான். தேர்தல் நடத்தவில்லை என்று மத்திய அரசு அந்தப் பணத்தை நிறுத்தி வைத்தது. நியாயமான நிபந்தனை மாதிரிதான் தெரிகிறது. ஆனால் தேர்தலைத் தள்ளிப்போட்டவர்கள் சென்னையில் இருந்தார்கள். பணம் இல்லாமல் போனது தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும். ஓட்டுரிமையையும் இழந்து, அதை இழந்ததற்கான அபராதத்தையும் ஊரே கட்டியது. பணத்தை நிறுத்தியதால் தேர்தல் வேகமாக வந்ததா? கோர்ட் படி ஏறி இறங்கிய வழக்குகள்தான் அதைக் கொண்டுவந்தன. அப்படித் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. சேலம் உட்பட அந்த 27 மாவட்டங்களில் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

நம் நாடு 'பலவீனமான நாடு' இல்லை. அரசியல் சட்டம் இருக்கிறது, அதில் ஐந்து வருஷம் என்று எழுதியும் இருக்கிறது, பணம் கொடுப்பதும் நம் சொந்த அரசுதான். இங்கேயே பணக் கயிற்றால் ஒரு தேர்தலை இழுத்து வர முடியவில்லை என்றால், பிரஸ்ஸல்ஸிலிருந்து கொழும்பை இழுப்பது எவ்வளவு தூரம்!

பணம் இல்லை என்று நின்ற தேர்தல்

இலங்கைக்கே திரும்புவோம். 2022-ல் பொருளாதாரம் சரிந்து, மக்கள் வீதிக்கு வந்து, கோட்டாபய நாட்டை விட்டு ஓடி, ரணில் விக்ரமசிங்க அதிபரானார். 2023 மார்ச் 9-ல் உள்ளூராட்சித் தேர்தல் என்று தேதி குறித்தாகிவிட்டது. திடீரென்று கஜானா கையை விரித்தது. காசு இல்லை. ஓட்டுச்சீட்டு அச்சடிக்கவே பணம் வரவில்லை என்று அரசு அச்சகம் சொன்னது. பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 3-ல் இடைக்கால உத்தரவு போட்டும் தேர்தல் நடக்கவில்லை.

தேர்தலுக்குத் தேவைப்பட்டது சுமார் 1,000 கோடி இலங்கை ரூபாய். மார்ச் 20 அன்று, அதாவது ஓட்டுப்போட்டிருக்க வேண்டிய நாளிலிருந்து சரியாகப் பதினோராம் நாள், சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு சுமார் 290 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. தேர்தல் செலவு இதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு.

நாணய நிதியத்தின் வேலை பொருளாதாரம், தேர்தல் இல்லை என்பது அவர்கள் தரப்பு வாதம். ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அதே கடன் திட்டத்தில் ஊழல் தடுப்புச் சட்டம் கேட்டார்கள். அரசு நிர்வாகத்தின் ஓட்டைகளை அலசி ஓர் அறிக்கையும் வாங்கினார்கள். மின்கட்டணம் முதல் வருமான வரி வரை எல்லாவற்றிலும் கருத்து சொன்னார்கள். நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் ஆள் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. கடன் கொடுத்தவர்களுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது கையெழுத்துப் போட ஓர் அரசு. அது மக்களைச் சந்தித்த அரசா என்பது இரண்டாம் பட்சம்.

ஜனநாயகம் பேசும் நாடுகளின் மேல் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இதுதான். தேர்தல் நடத்துங்கள் என்பார்கள், முடிவு பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். 2006 ஜனவரியில் பாலஸ்தீனத்தில் தேர்தல் நடத்த ஊக்குவித்ததும் அமெரிக்காதான். ஹமாஸ் ஜெயித்ததும் பாலஸ்தீன அரசுக்கான உதவியை நிறுத்தியதும் அதே அமெரிக்காதான். 'இவங்க பணத்துக்குப் பின்னாடி வேற கணக்கு இருக்கு' என்று நம்ம ஊர் டீக்கடையில் ஒருவர் சொன்னால் அதை வெறும் புரளி என்று தள்ள முடியாது.

அப்போ எது வேலை செய்தது?

நின்றுபோன அந்த உள்ளூராட்சித் தேர்தலுக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் எதிர்க்கட்சிகளோடு பஃப்ரல் என்ற தேர்தல் கண்காணிப்பு அமைப்பும், கொழும்பின் மாற்றுக் கொள்கைகளுக்கான மையமும் இருந்தன. பஃப்ரல் 1987-ல் தொடங்கியது. இரண்டுமே வெளிநாட்டு நிதியும் பெற்று இயங்கி வந்தவை. அதற்காக 'என்ஜிஓகாரங்க, டாலர் கைக்கூலி' என்று வசை வாங்கியவை. போர்க்காலத்தில் வாங்கிய வசை இன்னும் கடுமை.

2024 ஆகஸ்ட் 22-ல் தீர்ப்பு வந்தது. தேர்தலை நடத்தாமல் விட்டதன் மூலம், நிதியமைச்சராகவும் இருந்த ரணிலும் தேர்தல் ஆணையமும் மக்களின் அடிப்படை உரிமையை மீறிவிட்டார்கள் என்றது நீதிமன்றம். 2025 மே 6-ல் தேர்தல் நடந்தது. இரண்டு வருஷத் தாமதம்தான். ஆனாலும் நடந்தது.

290 கோடி டாலர் கேட்காததை, சில ஆயிரம் தன்னார்வலர்களையும் நாலு வக்கீல்களையும் வைத்திருந்தவர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு வந்த பணம் ஒரே நாளில் பலன் கொடுத்த பணம் இல்லை. முப்பது முப்பத்தைந்து வருஷம், எந்தச் சாவடியில் யார் மிரட்டினார், எங்கே பெட்டி மாறியது என்று எழுதி எழுதி வைத்த பழக்கம் அது. வந்த பணம் அந்தப் பழக்கத்தை அறுந்துபோகாமல் காத்தது, அவ்வளவுதான். சிங்களத்திலும் தமிழிலும் பேசுகிற, அந்த ஊரிலேயே குடியிருக்கிற, நாளைக்கு ஓடிப்போக முடியாத ஆட்கள் என்பதால் அவர்கள் சொல்லுக்கு நீதிமன்றத்தில் எடை இருந்தது. 2025-ல் யுஎஸ்எய்டு மூடப்பட்டபோது உலகம் முழுவதும் அலுவலகங்களைப் பூட்டியவர்களில் இந்த மாதிரி சின்ன அமைப்புகளும் ஏராளம்.

அதற்காக எல்லாத் தொண்டு நிறுவனமும் தங்கம் என்று சொல்ல வரவில்லை. மூன்று நட்சத்திர ஹோட்டலில் 'திறன் மேம்பாட்டுப் பயிலரங்கு' நடத்தி, மதியச் சாப்பாட்டோடு போட்டோ எடுத்து அறிக்கை அனுப்பும் கும்பல் இருக்கத்தான் செய்கிறது. அந்தச் செலவை வெட்டியிருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டார்கள். வெட்டியவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

வடக்கில் காலியான நாற்காலிகள்

உள்ளூர் அமைப்புகளாலும் முடியாதது ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. 1987 ஜூலை 29 இந்திய – இலங்கை ஒப்பந்தத்தின் விளைவாக வந்ததுதான் மாகாண சபைகள். வடக்கு மாகாண சபைக்குத் தனியாக முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பர் 21-ல். நான்கு வருஷத்துக்கு முன்பு பிணங்களுக்கு நடுவில் நடந்து வந்த மக்கள், ராணுவம் சுற்றி நிற்க வரிசையில் நின்று ஓட்டுப்போட்டார்கள். 38 இடங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார்.

2018 அக்டோபரில் அந்த சபையின் காலம் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று 2017-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். தொகுதி எல்லை அறிக்கையை 2018-ல் நாடாளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறை ரத்து, புதிய முறை வரவில்லை. இதை எழுதும் வரை வடக்கில் மட்டுமல்ல, இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் எதிலும் தேர்தல் இல்லை. அதிபர் நியமிக்கும் ஆளுநர்கள் நடத்துகிறார்கள். நம்ம தனி அலுவலர் ஆட்சியின் பெரிய அண்ணன்.

இந்த இடத்தில்தான் இந்தியாவின் பங்கு வருகிறது. வடக்கு, கிழக்கு, மலையகத்தில் 50,000 வீடுகள் கட்டும் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது இந்தியா. 2022 நெருக்கடியில் சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்தது. பெட்ரோல் கப்பலும் மருந்தும் அரிசியும் போயின. வேறு எந்த நாடும் அந்த வேகத்தில் வரவில்லை. 2025 ஏப்ரலில் கொழும்பு போன பிரதமர் மோடி, மாகாண சபைத் தேர்தலை நடத்துவார்கள் என்று நம்புவதாகச் சொன்னார். அதற்கு முன்பு போனவர்களும் 13-வது திருத்தத்தைப் பற்றி ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்.

'நிபந்தனை தோற்கும் என்று நீயே சொல்லிவிட்டு இப்போ நிபந்தனை போடச் சொல்றியா?' என்று கேட்கலாம். அரிசியையும் வீட்டையும் பிடித்து வைக்கச் சொல்லவில்லை. அது மறுபடியும் தப்பான ஆள் மேல் விழும் அடி. தேர்தலுக்குத் தடையாக இருப்பது ஒரு சட்டத்திருத்தம். அதைக் கொழும்பு நாடாளுமன்றம் நினைத்தால் ஒரே வாரத்தில் முடிக்கலாம்; 2024 நவம்பரிலிருந்து ஆளுங்கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பலம் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலேயே ஜெயித்த கட்சி அது. டெல்லி கேட்க வேண்டியது ஒரு தேதி. அந்தத் தேதியைப் பகிரங்கமாகக் கேட்கவும், கேட்டதை விடாமல் தொடரவும் ஒரு பைசா செலவு கிடையாது. அதோடு, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழில் வேலை செய்யும் தேர்தல் கண்காணிப்பாளர்களுக்கும் சட்ட உதவி மையங்களுக்கும் அமெரிக்கா விட்டுப்போன இடத்தில் ஒரு சின்னத் தொகையை ஐந்து வருஷத்துக்கு உறுதி செய்யலாம். இலங்கைக்கு நாம் கொடுக்கும் மொத்தத்தில் அது கண்ணுக்குத் தெரியாத புள்ளி. அது கட்சிக்கோ வேட்பாளருக்கோ போகக் கூடாது, கணக்கு வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983-லிருந்தும் 1990-லிருந்தும் வந்தவர்கள், இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகள், பேரன் பேத்திகள். பெரும்பாலோருக்கு இந்தியக் குடியுரிமை இல்லாததால் இங்கே ஓட்டு இல்லை. வெளிநாட்டிலிருந்து ஓட்டுப்போடும் வசதியை இலங்கை தருவதில்லை என்பதால் அங்கேயும் இல்லை. 'திரும்பிப் போனா காணிப் பிரச்சினைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் யாரைப் போய்ப் பார்க்கிறது?' என்று அவர்கள் கேட்டால், 2018 அக்டோபருக்கு முன்பு வடக்கு மாகாண சபை உறுப்பினர் என்று ஒருவரைக் காட்ட முடிந்தது.